இரண்டு கார்புரேட்டரில் ஒரு பேய்

1979-ஆம் வருடம் ஆரணிக்கு மழை வரவில்லை. மின்சாரம் ஒழுங்காக வரவில்லை. மோட்டார் சாமியார் மட்டும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்.

செய்யாறு போகிற ரோட்டில், மூன்றாவது மைல்கல் பக்கத்தில், ஒரு கீற்றுக்கொட்டகை போட்டார். உள்ளே ஒரு முழ உயரத்தில் ஓர் அம்மன். வாசலில் ஒரு பலகை: ‘சகலவித வாகன தோஷங்களும் நீக்கப்படும்.’ மனிதருக்குப் பேய் ஓட்டுகிறவர்கள் ஜில்லாவில் ஏராளம். அந்தத் தொழிலில் போட்டி அதிகம். காருக்குப் பேய் ஓட்டுகிறவர் இவர் ஒருவர்தான். ஆள் எவ்வளவு விவரம் பாருங்கள்!

வெள்ளிக்கிழமை வந்தால் மூன்றாவது மைல்கல்லிலிருந்து நாலாவது மைல்கல் வரை வண்டிகள் நிற்கும். அம்பாசடர், பியட், ஜீப், இரண்டொரு புல்லட். களம்பூர் ரைஸ்மில் லாரிக்காரர்களும் பக்தியோடு வந்தார்கள். அவர்களுக்குச் சாமியார் விபூதி மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார். “டீசல் வண்டிய பேய் அண்டாது. அதுக்கு பெட்ரோல் வாசனதான் புடிக்கும்” என்று விளக்கமும் சொன்னார். லாரிக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தங்களுக்குப் பேய் இல்லையே என்று கொஞ்சம் வருத்தத்தோடு போனார்கள்.

காணிக்கை பணமில்லை. பணத்தைச் சாமியார் கையாலும் தொடமாட்டார். அம்மனுக்கு ஒரு பட்டுப்புடவை, அவ்வளவுதான். ஒரு முழ அம்மனுக்கு மாதம் நாற்பது புடவை வந்தது. கட்டிய புடவையை அம்மன் எங்கே அவிழ்த்துப் போடுகிறாள் என்று ஊரில் ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. பட்டு நெய்கிற ஊர்!

இந்தக் கூட்டத்தில் தருமனும் இருந்தார். முள்ளிப்பட்டில் இருபது தறி அவருக்காக ஓடியது. பாவும் பட்டும் கொடுத்து, நெய்த புடவையை வாங்கி, தேரடிக் கடைகளுக்குப் போடுகிற முதலாளி. ஒரு புடவையைத் தொட்டுப் பார்த்தே சரிகை அசலா கலப்பா என்று சொல்லிவிடுவார். அவரை ஏமாற்ற யாராலும் முடியாது என்று அவரே சொல்வார்.

அந்த ஆனி மாதம் அவர் வீட்டுக்கு இரண்டு வரவு. ஒன்று, மருமகள் ஆதிலட்சுமி. இன்னொன்று, கல்யாணம் முடிந்த நாலாம் நாள் வேலூரில் ஒரு ரிடையரான வக்கீலிடம் வாங்கிய பழைய சீமைக் கார். முப்பது வருடத்துக்கு முந்தின கறுப்பு வண்டி. “இது ரெண்டு கார்புரேட்டர் வண்டி சார்” என்று வக்கீல் பெருமையோடு சொல்லிக் கொடுத்தார். தருமனும் அன்றிலிருந்து பார்த்தவர்களிடமெல்லாம் “ரெண்டு கார்புரேட்டர்” என்று சொன்னார். கார்புரேட்டர் என்பது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டதே பெரிய காரியம் என்று விட்டுவிட்டார்.

“புது வண்டி, புதுப் பொண்ணு. ரெண்டத்தையும் சாமிகிட்ட ஒரு தபா காட்டிட்டு வந்துடலாம்” என்றார் அவர் மனைவி ரேணுகாம்பாள். ரேணுகாம்பாள் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. காட்டினார்கள். முதல் பூஜை இலவசம்.

சாமியார் பானெட்டைத் திறக்கச் சொன்னார். எஞ்சினைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். “ரெண்டு!” என்று தன்னை மறந்து சொன்னார். பிறகு கையிலிருந்த சாண் நீள வெள்ளி வேலால் எஞ்சினில் அங்கே இங்கே தொட்டு, குனிந்து, காதில் விழாத மந்திரம் ஏதோ சொன்னார். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி வண்டியை எடுத்தார்கள்.

தேரடி வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. எதிரே மாடு வந்தது. தருமன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். எஞ்சின் இரண்டு குலுக்குக் குலுக்கிப் பொட்டென்று அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தார். கால் வைத்திருக்கிறவரை உறுமியது, எடுத்தால் அணைந்தது. பட்டு வியாபாரிகள் அத்தனை பேரும் கடைவாசலில் நின்று பார்க்க, இரண்டு கார்புரேட்டர் வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தருமனுக்கு மானமே போயிற்று.

மறுநாள் மெக்கானிக் சடையப்பனைக் கூப்பிட்டார். சடையப்பன் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

“ஒண்ணு இருந்தாலே பேஜாரு மொதலாளி. இதுல ரெண்டு கீது. போதாக்கொறைக்கு சாமி கை வெச்ச வண்டின்றீங்க. நான் கை வெச்சி என் கை வெளங்காம பூட்டா யார் சோறு போடறது?”

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கொட்டகை. சாமியார் வேலால் தொட்டார். வண்டி பூனைபோல் உறுமிக்கொண்டு நின்றது. காலை எடுத்தாலும் அணையவில்லை. கூட்டம் ஆரவாரம் செய்தது. அம்மனுக்கு ஒரு மாம்பழ நிறப் புடவை போயிற்று.

அதற்கடுத்த வெள்ளி, வழக்கப்படி இன்னொரு புடவையோடு நன்றி சொல்லப் போனார்கள். சாமியார் வழக்கப்படி வேலால் தொட்டு ஆசீர்வதித்தார். திரும்பி வரும்போது வண்டி அணைந்தது. அதற்கடுத்த வெள்ளி ஓடியது. இப்படியே ஒரு வாரம் பேய் வந்தது, ஒரு வாரம் போனது. பேய் பிடிப்பதும் அந்தக் கொட்டகையில்தான், விடுவதும் அந்தக் கொட்டகையில்தான் என்று தருமனுக்குத் தோன்றவே இல்லை. நாலு புடவை போன பிறகும் தோன்றவில்லை. சரிகையில் மட்டும்தான் அவரை ஏமாற்ற முடியாது.

தோன்றியது ஆதிலட்சுமிக்கு.

ஆதிலட்சுமியின் அப்பா ராஜவேலு களம்பூர் ரைஸ்மில்லில் எஞ்சின் டிரைவர். மில் முதலாளி தரணேந்திர நயினாரிடமும் இப்படி ஒரு பழைய சீமைக் கார் இருந்தது. அதுவும் ராஜவேலு பொறுப்புதான். இரண்டு கார்புரேட்டரும் சமமாகக் காற்றை இழுத்தால்தான் எஞ்சின் குலுங்காமல் நின்று ஓடும். அதைப் பார்க்க ஒரு ரப்பர் குழாய் போதும். ஒரு நுனியைக் கார்புரேட்டர் வாயில் வைத்து, மறு நுனியைக் காதில் வைத்தால் ‘உஸ்’ என்று கேட்கும். இரண்டிலும் ஒரே மாதிரி ‘உஸ்’ வருகிறவரை ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருக வேண்டும். ஆனால் மில் எஞ்சின் பக்கத்திலேயே இருபது வருடம் நின்றதில் ராஜவேலுவின் காது போய்விட்டது. அதனால் பத்து வயதிலிருந்து குழாயைக் காதில் வைத்துக்கொண்டு நின்றவள் மகள். அப்பா திருகுவார், மகள் கேட்டுச் சொல்லுவாள்.

இதை அவள் முதல் வாரமே அத்தையிடம் சொல்லிப் பார்த்தாள். “ஒரு ஸ்க்ரூ லூசா இருக்கும் அத்தை. அஞ்சு நிமிஷ வேல.”

ரேணுகாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “புதுப் பொண்ணா லட்சணமா இரு. காருக்குள்ள தலைய வுடுவாளாம்!”

தருமனுக்கு மருமகளைப் பிடிக்கும். வந்த மூன்றாம் நாளே, இரண்டு வருடமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த, பாவு நூல் சுற்றுகிற உருளையை எண்ணெய் விட்டுச் சரிசெய்தவள் அவள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவர் மகனுக்கோ வேலூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. கம்பெனி பஸ்ஸில் போவான், வருவான், தூங்குவான். அம்மா பேசினால் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் உட்கார்ந்திருப்பான்.

ஆறாவது வெள்ளிக்கிழமை, கொட்டகையில் அத்தனை பேர் நடுவில், ஆதிலட்சுமி கேட்டாள்:

“சாமி, பேய் செவுத்துக்குள்ளயே பூந்து போவுதுன்றாங்க. பானெட்ட மூடி வெச்சிகினே அத ஓட்ட முடியாதா?”

 சாமியார் அவளைப் பார்த்தார். கையிலிருந்த வெள்ளி வேலைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். தொழில் தெரிந்தவருக்கு எதிரில் நிற்கிற ஆளும் தொழில் தெரிந்தவள் என்பது உடனே புரிந்துவிடும். அந்த நிமிடமே அவருக்கு அருள் வந்தது. உடம்பு நடுங்கியது.

“அம்மன் சொல்றா! பேய் வண்டில இல்ல! இந்தப் பொண்ணு மேல கீது! இவ காலடி வெச்சப்புறம்தான வண்டியும் வந்துச்சு? இவள பொறந்த வூட்டுக்கே அனுப்பிடு. அனுப்பினாதான் வண்டி ஓடும், தறியும் ஓடும். இல்லாங்காட்டி இருபது தறியும் நின்னு பூடும்!”

ரேணுகாம்பாள் அங்கேயே விழுந்து கும்பிட்டார். அன்று வீட்டுக்கு வந்து யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆதிலட்சுமி புருஷனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்தாள்.

“நீ இன்னாம்மா பண்ணுவ, நான் இன்னா பண்ணுவேன். கொஞ்ச நாளு...” என்றார் தருமன்.  இருபது தறி என்ற வார்த்தை காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தராசில் ஒரு பக்கம் வைத்து, மறு பக்கம் ஒரு ஸ்க்ரூவை வைத்தார். ஸ்க்ரூ கனமாக இருந்தது அவருக்கு.

“எப்ப மாமா போவணும்?” என்று மட்டும் கேட்டாள் அவள்.

அடுத்த வெள்ளி என்று முடிவாயிற்று. முதலில் கொட்டகைக்குப் போய் ஒரு கடைசிப் பூஜை. அப்புறம் நேரே களம்பூர். மருமகளைப் பிறந்த வீட்டில் தள்ளிவிட்டு வர வண்டி வழியில் நிற்கக் கூடாதே! அதற்கும் ஒரு புடவை எடுத்து வைத்தார் ரேணுகாம்பாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆதிலட்சுமி தகரப்பெட்டியைக் கட்டி வைத்தாள். பிறகு கொல்லைப்பக்கச் சாயப்பட்டறைக்குப் போய், பட்டுக்குப் போடுகிற கிளிப்பச்சைச் சாயத்தில் கொஞ்சம் கோந்து குழைத்துக்கொண்டாள். எல்லோரும் காபி குடிக்கிற நேரத்தில் பானெட்டைத் தூக்கி, இரண்டு ஐட்லிங் ஸ்க்ரூவின் தலையிலும் தடவிவிட்டு மூடினாள். அந்தச் சாயம் பட்டால் ஒரு வாரத்துக்குப் போகாது. ஆரணியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கொட்டகையில் அன்று திருவிழாக் கூட்டம். பேய் பிடித்த பெண்ணைப் பார்க்கவே முள்ளிப்பட்டுத் தறிக்காரர்கள் வேலையை விட்டு வந்திருந்தார்கள். வண்டி குலுங்கி அணைந்து நின்றது. சாமியார் குனிந்தார், தொட்டார், நிமிர்ந்தார். “எடு வண்டிய!” தருமன் ஸ்டார்ட் செய்தார். காலை எடுத்தார். எஞ்சின் அணையாமல் சீராக ஓடியது. அரோகரா சத்தம் காதைப் பிளந்தது.

ஆதிலட்சுமி வண்டியிலிருந்து இறங்கினாள். “சாமி, அந்த வேல கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க.”

சாமியார் காட்டவில்லை. முன்வரிசையில் நின்ற தறிக்காரர் ஒருவரே பார்த்துவிட்டார். “தே பாரு, பச்ச! கிளிப்பச்ச!”

வேலின் நுனி பச்சை. அது கூராக இல்லாமல் ஸ்க்ரூடிரைவர்போல் தட்டையாக இருந்ததும் அப்போதுதான் சிலர் கண்ணில் பட்டது. சாமியாரின் கையிலும் மூன்று விரல் பச்சை.

“நான் காலைல ஸ்க்ரூல தடவி வெச்ச சாயம் அது. மந்திரம் இல்ல, ஸ்க்ரூவத் திருகறாரு” என்றாள் ஆதிலட்சுமி.

இந்த இடத்தில் சாமியார் மாட்டிக்கொண்டார் என்றுதானே நினைப்பீர்கள்? நம் ஜனங்களை உங்களுக்குத் தெரியவில்லை. சாமியார் ஒரு கணம் திகைத்தார். அடுத்த கணம் பச்சைக் கையை உயரத் தூக்கினார்.

“பச்சையம்மன்டா! பச்சையம்மன் எறங்கிட்டாடா!”

அவ்வளவுதான். ஆயிரம் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ரேணுகாம்பாள் தேம்பித் தேம்பி அழுதார். இரண்டு பெண்களுக்கு அருள் வந்து ஆடினார்கள். ஊரே சாயத்தில் கை நனைத்துப் பிழைக்கிற ஊர்; அங்கே பச்சை விரல் அற்புதமாகிவிட்டது. தருமனின் கையும் கன்னத்தை நோக்கிப் பாதி தூரம் போயிற்று.

ஆதிலட்சுமிக்கு ஆத்திரத்தில் கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொண்டாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு எட்டணாவை எடுத்தாள். “மாமா, வண்டிய அணைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, நாணயத்தின் விளிம்பை ஸ்க்ரூவில் வைத்து இரண்டையும் இடப்பக்கம் திருப்பினாள். வண்டி குலுங்கி அணைந்தது.

“தே, பேய் வந்துடுச்சு” என்றாள்.

வலப்பக்கம் திருப்பினாள். “ஸ்டார்ட் பண்ணுங்க மாமா.” எஞ்சின் நின்று ஓடியது. “பேய் போயிடுச்சு.”

மறுபடி இடம். அணைந்தது. “வந்துடுச்சு.” மறுபடி வலம். “போயிடுச்சு. எட்டணா பேய் இது. யாருக்குனா வேணுமா?”

ஆட்டம் நின்றது. சாமியார் கத்தினார்: “அவ பேய் புடிச்சவ! பேய் அவ சொன்ன பேச்சு கேக்குது!”

கூட்டம் சாமியார் பக்கம் திரும்பப் பார்த்தது. ஆதிலட்சுமி சுற்றிலும் பார்த்தாள். கொட்டகை வாசலில் பூ விற்கிற முனியம்மா கூடையோடு நின்றிருந்தாள். “அக்கா, உனுக்குப் பேய் புடிச்சிகீதா?”

“எனுக்கா? சாமி வாசல்லயே குந்திகினு கீறேன், எனுக்கு எப்டி புடிக்கும்?”

“அப்ப நீ வந்து திருப்பு.”

முனியம்மா பயந்துகொண்டே வந்தாள். எட்டணாவை வாங்கினாள். காட்டிய ஸ்க்ரூவை இடப்பக்கம் திருப்பினாள். அடுத்ததையும் திருப்பினாள். அணைந்தது. வலப்பக்கம் திருப்பினாள். தருமன் சாவியைப் போட்டார். ஓடியது. முனியம்மா மறுபடி அணைத்தாள், மறுபடி ஓட வைத்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், கீற்றுக்கொட்டகையே அதிர்ந்தது.

“அட கம்னாட்டி! இதுக்கா வாரா வாரம் நாலு மொழம் பூவ ஓசில வாங்கின?”

 சாமியார் கொட்டகைக்குப் பின்பக்கமாக நழுவினார். நாலு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். விசாரித்ததில் பெயர் காத்தவராயன் என்றும், சென்னையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எட்டு வருடம் கார்புரேட்டர் வேலை பார்த்தவன் என்றும் தெரிந்தது. நல்ல வேலைக்காரன்தான். வேலை செய்தால் கூலிதான் கிடைக்கிறது, மந்திரம் சொன்னால் பட்டு கிடைக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டான். அந்தக் கண்டுபிடிப்புக்கு உதவி செய்தது யார் என்று யாரும் பேசவில்லை.

சரி, புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? வரிசையில் நின்ற கார்க்காரர்கள் எல்லோரும் ஓடிப்போய்ப் பானெட்டைத் திறந்தார்கள். எட்டணாவால் கண்ணில் பட்ட ஸ்க்ரூவையெல்லாம் வலப்பக்கம் திருகினார்கள். எது எந்த ஸ்க்ரூ என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று மாலை வரை அந்த ரோட்டில் ஒரு கார்கூட நகரவில்லை. அதோடு விட்டார்களா? செவூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் எலுமிச்சம்பழத்தை ஆதிலட்சுமியின் காலடியில் வைத்தார்.

“தாயே, நீ கை வெச்சாதான் என் ஜீப்பு ஓடும். ஒரு தபா தொட்டுக் குடு தாயே.”

பின்னால் இன்னும் ஆறேழு பேர் பழத்தோடு நின்றார்கள்.

“எழுந்திருங்கய்யா, ஸ்க்ரூடிரைவர் வாங்குங்க, பழம் வாங்காதீங்க!” என்று அதட்டினாள் அவள். பிறகு ஒரு கார்க்காரரிடம் ரப்பர் குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கி, காதில் வைத்து இரண்டு கார்புரேட்டரையும் கேட்டு, ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். எஞ்சின் இருக்கிற இடமே தெரியாமல் ஓடியது. பானெட்டை மூடிவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

தருமனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “ஜல்தி வூட்டுக்குப் போலாம்மா. அவன்தான் பிராடுன்னு தெரிஞ்சிபோச்சே.”

“களம்பூர் போங்க மாமா.”

“இன்னாம்மா நீ? அதான் உன்மேல ஒண்ணும் இல்லன்னு...”

“அவன் பிராடுன்றதால நான் நல்லவளாயிட்டேனா? அவன் இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரனா இருந்திருந்தா நான் கெட்டவளா?”  தகரப்பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்: “ஒருத்தன் அனுப்புன்னான், பெட்டி கட்டினீங்க. நாளைக்கு இன்னொருத்தன் சொன்னா இன்னொரு தபா கட்டுவீங்க. எனுக்கு அந்த வூட்ல இருக்கணும்னா, நீங்க யாரையும் கேக்காம வரணும். நீங்களா யோசிச்சி வாங்க. வர்லன்னாலும் பரவால்ல.”

ரேணுகாம்பாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தருமன் முதன்முறையாக, “நீ சும்மா இரு” என்றார். களம்பூர் வரை வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. நின்றிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வீட்டுக்கு வந்த மறுநாளே ரேணுகாம்பாள் மனம் மாறிவிட்டார். அவரும் கல் இல்லை. மருமகள் இல்லாத வீடு அவருக்கும் வெறிச்சென்றிருந்தது. “கூப்ட்டுகினு வந்துடுங்க” என்றார். தருமன் சட்டையை எடுத்தார். “இருங்க இருங்க, நாள் பாக்காமலா போறது?” என்று ரேணுகாம்பாள் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசைக்குப் போகக் கூடாது. திங்கட்கிழமை திதி சரியில்லை. செவ்வாய்க்கிழமை நாளே சரியில்லை. புதன் ஆகலாம், ஆனால் மகன் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம். “பதினேழு நாள் கழிச்சி ஒரு நாள் நல்லா கீது” என்றார் ரேணுகாம்பாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தருமன் அந்தப் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றடித்தது. ராகு காலம் ஆரம்பம். அவர் எழுந்தார். ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த மகனைத் தட்டி எழுப்பி, வேட்டியோடு பின்சீட்டில் தள்ளினார். “இன்னிக்கா? இந்த நேரத்துலயா?” என்று ரேணுகாம்பாள் வாசல் வரை கத்திக்கொண்டு வந்தார். வண்டி கிளம்பிவிட்டது.

ரைஸ்மில் வாசலில் ஆதிலட்சுமி அப்பாவுக்கு டீ எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். கறுப்புக் காரைப் பார்த்து நின்றாள். மில் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“செவ்வாக்கெழம, மூணே முக்கால். ராகு காலம் மாமா.”

“தெரியும்மா. அதான் ரோடெல்லாம் காலியா இருந்துச்சு.”

அவள் சிரித்துவிட்டாள். டீயை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியை எடுத்து வந்தாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு பஞ்சாங்கம் இருக்கும். புரட்டிப் பாருங்கள். கல்யாணம் பண்ண, பிரயாணம் போக, எண்ணெய் தேய்த்துக்கொள்ள, முடி வெட்டிக்கொள்ள எல்லாவற்றுக்கும் நல்ல நேரம் போட்டிருப்பான். யோசிக்க நல்ல நேரம் எது என்று மட்டும் போட்டிருக்க மாட்டான். போட்டால் அடுத்த வருடம் அவன் புத்தகத்தை எவன் வாங்குவான்?